யாரைக் கேட்டோம்?

நன்றாக இருக்கும் ஒரு பொருளை மேலும் நன்றாக்க வேண்டும் என்று மனிதனுக்குத் தோன்றுகிறதே, அந்த ஆசை நல்லதா, கெட்டதா? இந்தக் கேள்வியை ஒரு காரின் முன்னால் நின்றுகொண்டு கேட்க வேண்டிய நிலைமை எனக்கு ஏற்பட்டது. கார்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. என் கதைகளில் வரும் கார்கள் வாசலில் வந்து நிற்கும், கதாநாயகனை இறக்கிவிடும், போய்விடும். அவற்றின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்க வைத்தவன் என் அக்காவின் மகன்.

சென்ற ஆண்டு ஜூலை மாதம் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்துக்குப் போயிருந்தேன். நகரின் தென்கிழக்கே டாண்டினாங் என்ற பகுதியில் அக்கா இருக்கிறாள். அத்தான் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அக்காவும் பையனும்தான் வீட்டில். அக்காவுக்கு அடுத்தடுத்த ஊர்களில் ஒன்றான கிளேட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பையனுக்கும் அந்தப் பக்கத்திலேயே உத்தியோகம். வயது இருபத்து நான்கு. நல்ல பையன். குடிப்பதில்லை, புகைப்பதில்லை, சம்பாதிக்கிற காசையெல்லாம் ஒரு காருக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

நான் போய் இறங்கிய மறுநாளே ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தான். "மாமா, நீங்கள் பெரிய எழுத்தாளர். எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கத் தெரிந்தவர். இதைப் பார்த்து ஒரு யோசனை சொல்லுங்கள்" என்றான். சக்கரம், ஸ்பிரிங், பிரேக், என்ஜின் என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து சாமான்களின் பெயரும் விலையும் எழுதியிருந்தான். கல்யாணத்துக்கு ஜாபிதா எழுதுகிறவர்கள்கூட அவ்வளவு சிரத்தையாக எழுத மாட்டார்கள்.

கார் வெளியே நின்றது. இரண்டே கதவுகள், தாழ்ந்த கூரை, பின்னால் பெயருக்கு ஓர் ஆசனம். இந்த மாதிரி வண்டியைக் கூபே என்கிறார்கள். டொயோட்டா கம்பெனி, சுபாரு கம்பெனியோடு சேர்ந்து செய்து 2012இல் வெளியிட்ட வண்டி அது. அதன் பெயர் வெறும் எண்: 86. 1983இல் வந்த கரோலா வகை ஒன்றுக்குக் கம்பெனிக்குள் ஏ.இ.86 என்று பெயராம். அதன் ஞாபகமாக இந்தப் பெயர். என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் குறுக்களவு 86 மில்லிமீட்டர், உள்ளே பிஸ்டன் ஓடும் தூரமும் 86 மில்லிமீட்டர் என்று பையன் சொன்னபோது, குழந்தையின் ஜாதகத்தைச் சொல்லும் தாயின் முகம் அவனுக்கு இருந்தது.

பழைய ஏ.இ.86மேல் இத்தனை பேருக்கு ஆசை வந்ததற்கு 'இனிஷியல் டி' என்ற ஜப்பானியச் சித்திரக் கதை ஒரு காரணம். 1995 முதல் 2013 வரை வெளிவந்த கதை அது. டோஃபு என்ற சோயாப் பண்டம் விற்கும் கடைக்காரரின் மகன், விடியற்காலையில் மலைப்பாதை வழியாகச் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். டோஃபு உடைந்துவிடக் கூடாது. ஆகவே அப்பா வண்டிக்குள் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து அனுப்புகிறார். தண்ணீர் சிந்தாமல் ஓட்டிப் பழகுகிறான் பையன். "அதனால்தான் மாமா, பந்தயத்தில் அவனை யாராலும் ஜெயிக்க முடியவில்லை" என்றான் மருமான். ஜெயிப்பதுதான் அவன் மனத்தில் நின்றிருந்தது. எனக்குத் தண்ணீர்க் கோப்பை மனத்தில் நின்றது. வயது வித்தியாசம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பையனின் ஆசையை நான் பழிக்கவில்லை. என் சிறு வயதில் தாத்தாவிடம் ஒரு வில் வண்டி இருந்தது. மாட்டின் கொம்புக்குப் பித்தளைக் குப்பி போடுவார்; கழுத்துக்குச் சலங்கை வாங்க மாட்டுத்தாவணிக்கே போவார்; சக்கரத்து ஆரக்கால்களுக்குப் பச்சையும் சிவப்புமாக வர்ணம் அடிப்பார். வண்டி ஓடுவதற்கு இவை எதுவும் தேவையில்லை. ஆனால் தன் வண்டியைக் கவனிக்கிறவன் பாதையையும் மாட்டையும் கவனிப்பான். ஒரு பொருளின்மேல் பிரியம் வைக்கத் தெரியாதவனைக் காட்டிலும் தெரிந்தவன் மேல்தான்.

பையன் அதற்குள் கொஞ்சம் வேலை செய்துவிட்டிருந்தான். கம்பெனி கொடுத்த 17 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அகலமான 18 அங்குலச் சக்கரங்களைப் பூட்டியிருந்தான். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் எடுத்துவிட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய விறைப்பான ஜோடியைப் போட்டு, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தான். சைலன்சரையும் மாற்றியிருந்தான், காலையில் வண்டி புறப்பட்டால் தெருவுக்கே தெரியும். மிச்சம் இருந்தது என்ஜின். அதற்குச் சூப்பர்சார்ஜர் போடலாமா, முதலில் பிரேக்கை மாற்றலாமா என்பதுதான் காகிதத்தின் கேள்வி.

இந்த வண்டியைப் பற்றி அவனே சொன்ன ஒரு செய்தி எனக்கு வியப்பாக இருந்தது. இதை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா என்பவர், மூன்று 'வேண்டாம்'களோடு வேலையைத் தொடங்கினாராம். டர்போ வேண்டாம், நான்கு சக்கரத்துக்கும் விசை வேண்டாம், ரோட்டை இறுகப் பற்றும் உயர்ந்த டயர் வேண்டாம். சிக்கனத்துக்குப் பெயர்போன பிரியஸ் காருக்குக் கொடுக்கப்பட்ட அதே மாதிரி டயரை, 215 மில்லிமீட்டர் அகலத்தில், இந்த விளையாட்டு வண்டிக்கும் போட்டார். காசு மிச்சம் பிடிக்க அல்ல. பிடிப்பு அதிகமானால், வண்டியின் எல்லை எது என்று தெரிந்துகொள்ளப் பயங்கரமான வேகத்தில் போக வேண்டியிருக்கும். பிடிப்பு குறைவானால், சாதாரண மனிதன் சாதாரண வேகத்திலேயே வண்டி நழுவுவதையும் திருத்துவதையும் உணரலாம், சந்தோஷப்படலாம். குறையை அவர் தெரிந்தே வைத்தார்.

"அப்படியானால் நீ முதலில் கழற்றியது அந்தச் சந்தோஷத்தைத்தானே?" என்று கேட்டேன்.

பையன் சளைக்கவில்லை. "மாமா, கம்பெனி எல்லோருக்காகவும் செய்தது. நான் எல்லோரும் இல்லையே! நீங்கள் மட்டும் எழுதியதை அப்படியே அச்சுக்கு அனுப்புகிறீர்களா? அடித்துத் திருத்துவதில்லையா?" என்றான்.

நல்ல கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் திருத்துகிறவன்தான். திருத்தத் திருத்தச் சில கதைகள் தேறியிருக்கின்றன. சில கதைகள் என் சாமர்த்தியத்தைக் காட்டப்போய் உயிரை விட்டிருக்கின்றன. எந்தத் திருத்தம் கதைக்காகச் செய்தது, எது எனக்காகச் செய்தது என்பது அந்தச் சமயத்தில் தெரிவதில்லை.

இரண்டு நாள் மாலைகளில் பையன் எனக்குப் பாடம் நடத்தினான். நானும் மாணவனாகக் கேட்டேன். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது: காரில் எதையும் சும்மா கூட்ட முடியாது. ஒரு பக்கம் கூட்டினால் இன்னொரு பக்கம் குறைகிறது.

சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய டயரின் பக்கச் சுவர் ஏறக்குறைய 97 மில்லிமீட்டர் உயரம். புதிய சக்கரத்துக்கு ஏற்ற டயரில் அது 90. ஏழு மில்லிமீட்டர் என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் பள்ளத்தில் விழும்போது முதலில் அமுங்கிக் கொடுக்கும் மெத்தை அந்தச் சுவர்தான். அது குறைந்தால் அடி நேராக மேலே வருகிறது. பெரிய சக்கரம் பெரும்பாலும் கனமாகவும் இருக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள கனம் பொல்லாதது. அது காலில் கட்டிய இரும்புக் குண்டு மாதிரி. மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி சக்கரம் சட்டென்று ஏறி இறங்க முடிவதில்லை. ஆகவேதான் விவரம் தெரிந்தவர்கள் பெரிய சக்கரத்தைவிட இலேசான சக்கரத்தைத் தேடுகிறார்கள். ஜப்பானில் ரேஸ் என்ற கம்பெனி 1996இல் செய்த டி.இ.37 என்ற பிரசித்தமான சக்கரத்தின் பெயரிலுள்ள 37, அதன் 15 அங்குல அளவின் எடையான 3.7 கிலோவைக் குறிக்கிறதாம். எடை குறைவு என்பதையே பெருமையாகப் பெயரில் வைத்துக்கொண்ட பொருளை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

வண்டியை இறக்குவதும் அப்படித்தான். கீழே இறங்கினால் திருப்பத்தில் சாயாது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இந்த வண்டியில் முன்பக்கத்தை இறக்கும்போது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கைகள் மேல்நோக்கிச் சாய்ந்துவிடுகின்றன. வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி வண்டியைவிட அதிகமாகக் கீழே போய்விடுகிறது. விளைவு, சாய்க்கும் நெம்புகோல் நீளுகிறது. அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங் அமுங்குவதற்கு இருந்த இடமும் குறைந்துபோனதால் அதற்காகவும் விறைப்பு வேண்டும். விறைப்பாக்கினால் நல்ல ரோட்டில் சுகம். கெட்ட ரோட்டில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும்.

என்ஜினுக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். கம்பெனி கொடுத்தது 200 குதிரைச் சக்தி, அதுவும் நிமிஷத்துக்கு 7,000 சுற்றில். காற்றையும் பெட்ரோலையும் ஏற்கனவே பன்னிரண்டரை மடங்கு நெருக்குகிற என்ஜின் அது. சூப்பர்சார்ஜர் வைத்து இன்னும் காற்றைத் திணித்தால் உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு தாங்குமா என்று பார்க்க வேண்டும். கிளச் தாங்குமா என்று பார்க்க வேண்டும். எண்ணெயைக் குளிரவைக்க வழி செய்ய வேண்டும். அவ்வளவு வேகத்தை நிறுத்தப் பிரேக்கை மாற்ற வேண்டும். கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டுமென்று பசு வாங்கி, பசுவைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணம் செய்துகொண்ட சாமியாரின் கதைதான். அந்தக் கதையை ஜாபிதா போட்டு விலையோடு அப்போதுதான் பார்த்தேன்.

இதையெல்லாம் பையனும் அறிந்தேயிருந்தான். "தெரியும் மாமா. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும். நான் கொடுக்கத் தயார்" என்றான். அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அவன் பணம், அவன் முதுகு.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் டாண்டினாங் மலைக்குப் போவதாக ஏற்பாடு. கடைசி நிமிஷத்தில் அக்கா, "நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள். எனக்குச் சமையல் வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டாள். நானும் பையனும் போனோம். 633 மீட்டர் உயரமுள்ள மலை அது. வானத்தைத் தொடும் யூகலிப்டஸ் மரங்கள்; அவற்றின் காலடியில் குடை விரித்த மாதிரி மரப் பெரணிகள்; ஈரமான வளைந்த பாதை. பையன் அழகாக ஓட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி ரோட்டில் ஒட்டிக்கொண்டு திரும்பியது. எனக்கும் உற்சாகமாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது ஊருக்குள் வேகத்தடைகளும், ஒட்டுப்போட்ட ரோடும் வந்தன. ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்பில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போயிற்று. வீட்டு வாசலில் ஏறும்போது வண்டியின் அடிவயிறு தரையில் உரசியது. பையன் முகம் சுளித்தான். அவனுக்கே வலித்த மாதிரி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா கோட்டும் கம்பளிக் குல்லாயும் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். ஜூலை அங்கே குளிர்காலம். வாயைத் திறந்தால் புகை வருகிறது.

"எங்கே?" என்றேன்.

"ஸ்டேஷனுக்கு. ரெயிலில் போகிறேன்."

"அவனும் அந்தப் பக்கம்தானே போகிறான்? காரில் போகக் கூடாதோ?"

"ரெயில்தான் சௌகரியம். நடந்தமாதிரியும் இருக்கும்."

அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். அன்று இரவு பையன் தூங்கப்போன பிறகு சமையலறையில் அக்கா வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கேட்டேன். சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். சிரித்தாள்.

"வருஷக்கணக்காகக் குனிந்து நிமிர்ந்த உடம்பு. போன வருஷம் வரைக்கும் அவன்தான் தினமும் கொண்டுபோய் விடுவான். ஸ்பிரிங் மாற்றியபிறகு பத்து நாள் போனேன். முடியவில்லை. ரெயில் சௌகரியம் என்று சொல்லிவிட்டேன். நீ ஒன்றும் அவனிடம் சொல்லாதே. அப்பா இல்லாத பையன். அவனுக்கென்று இருக்கிற சந்தோஷம் அது ஒன்றுதான்."

"சொன்னால் மாற்றிவிடுவானே, அக்கா!"

"மாற்றிவிடுவான். அதனால்தான் சொல்லவில்லை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா ஏன் வாசலுக்கு வருவதை விட்டாள் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது. எங்கள் திருச்சி வீட்டின் வாசல்படி காவி பூசிய பழைய சிமெண்டுப் படி. சொரசொரப்பாக, ஓரம் தேய்ந்து கிடக்கும். அம்மா மாலையில் அதில் உட்கார்ந்துதான் பூத் தொடுப்பாள். போகிற வருகிறவர்களோடு பேசுவாள். என் நாவல் ஒன்றுக்கு நல்ல பணம் வந்த சமயத்தில், அந்தப் படியை உடைத்துவிட்டுக் கறுப்புக் கிரானைட் போட்டேன். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அம்மா தடவிப் பார்த்து, "ரொம்ப அழகாக இருக்கிறது" என்றாள். அதன்பிறகு மாலையில் கொல்லைப் பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார ஆரம்பித்தாள். கேட்டதற்கு, "அங்கேதான் காற்று" என்றாள். நான் நம்பினேன். வயதாகிவிட்டது, மனித சகவாசத்தில் விருப்பம் குறைந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். ஒரு கதையில் அப்படி ஒரு பாட்டியை எழுதியும் இருக்கிறேன்.

"மழை நாளில் ஒருதரம் அதில் கால் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாளாம். அதிலிருந்து அந்தப் படியில் கால் வைக்கவே பயம். 'ஆசையாகப் போட்டிருக்கிறான், சொன்னால் வருத்தப்படுவான்' என்று போனில் என்னிடம் சொன்னாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்" என்றாள் அக்கா.

அம்மா போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கடைசி நாலைந்து ஆண்டு மாலைகளை அவள் துவைக்கிற கல்லில் கழித்தாள். நான் மாடியில் உட்கார்ந்து மனித மனத்தின் நுட்பங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் கேட்ட கேள்வியே தவறு என்று பட்டது. மேலும் நன்றாக்கும் ஆசை நல்லதா, கெட்டதா என்பதில் வழக்கு ஒன்றும் இல்லை. அது கொடுத்து வாங்கும் வியாபாரம் என்பதைப் பையனே ஒப்புக்கொண்டான். வாங்குகிறவன் யார் என்று நமக்குத் தெரிகிறது. கொடுக்கிறவன் யார்? அங்கேதான் கணக்குப் பிசகுகிறது. 'நான் கொடுக்கத் தயார்' என்று பையன் சொன்னான், கொடுத்துக்கொண்டிருந்தவள் அக்கா. பணம் என்னுடையது என்று நான் நினைத்தேன். அந்தப் படிக்கு விலை கொடுத்தவள் அம்மா.

நம்மால் நஷ்டப்படுகிறவர்கள் எல்லோரும் சண்டைக்கு வருவதில்லை. அந்நியன் சண்டை போடுவான். வீட்டுக்காரன் நோட்டீஸ் விடுவான். நம்மிடம் பிரியம் உள்ளவர்களோ சத்தம் போடாமல் இடத்தை மாற்றிக்கொள்கிறார்கள். வாசலிலிருந்து கொல்லைக்குப் போகிறார்கள். காரிலிருந்து ரெயிலுக்குப் போகிறார்கள். போகும்போது, 'இதுதான் சௌகரியம்' என்று ஒரு காரணமும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் மௌனத்தைச் சம்மதம் என்று நாம் எழுதிக்கொள்கிறோம். ஆகையால் கேட்க வேண்டிய பொறுப்பு மாற்றம் செய்கிறவனுடையது. சொல்ல வேண்டிய பொறுப்பை அவர்கள்மேல் சுமத்த முடியாது.

சட்டம் இதற்கு உதவாது. விக்டோரியா மாநிலத்தில் காரின் என்ஜினுக்குச் சூப்பர்சார்ஜர் போன்ற பெரிய மாற்றம் செய்தால், அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். நம் நாட்டில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு விளக்கம் சொல்லித் தீர்ப்பளித்தது. தெருவில் போகிற மற்றவர்களின் உயிரைக் காக்க இவை வேண்டும்தான். ஆனால் எந்தப் பாரத்திலும் 'உங்கள் அம்மாவின் இடுப்பு எப்படி இருக்கிறது?' என்று ஒரு கேள்வி கிடையாது. அதைச் சட்டம் கேட்காது. மகன்தான் கேட்க வேண்டும்.

கம்பெனி கொடுத்ததைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கம்பெனி வேதம் ஓதவில்லை. இதே வண்டிக்கு நடு வேகத்தில் இழுவை ஒரு கணம் தொய்ந்துபோகிறது என்று வாங்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் குறை சொன்னார்கள். 2021இல் அடுத்த தலைமுறை வண்டியை வெளியிட்டபோது என்ஜினை 2.4 லிட்டராகப் பெரிதாக்கி அந்தக் குறையைத் தீர்த்தார்கள். குறை குறைதான், திருத்தியது நல்லதுதான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும் மிருதுவான ஸ்பிரிங்கை, துணிவில்லாதவன் செய்துகொண்ட சமரசம் என்று இளைஞர்கள் ஏளனம் செய்கிறார்களே, அது தவறு. யார் ஏறுவார்கள் என்று செய்தவனுக்குத் தெரியாது. கர்ப்பிணி ஏறலாம், முதுகு வலிக்காரர் ஏறலாம். முகம் தெரியாத அத்தனை பேருக்கும் ஓரளவு இடம் விட்டு வைத்தான். அதை எடுக்கிறவன், அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு எடுக்கலாம். தாத்தாவின் வில் வண்டியும் அதைத்தான் எனக்குச் சொல்கிறது. சலங்கையும் வர்ணமும் அவருக்காக. ஆனால் பாட்டி ஏறுகிற அன்று மட்டும் ஜமக்காளத்துக்கு அடியில் வைக்கோல் இரண்டு மடங்கு உயரத்துக்கு இருக்கும். அதைப் பாட்டி ஒருநாளும் கேட்டு வாங்கியதில்லை.

இனி அக்காவுக்குக் கொடுத்த வாக்கு. அதை மீறவும் எனக்கு மனமில்லை. சும்மா இருக்கவும் மனமில்லை. மறுநாள் மாலை பையனோடு காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, என் கிரானைட் படியின் கதையை மட்டும் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பையன் துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டான். முடிந்ததும் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போனான். அவனும் அம்மாவும் சமையலறையில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்கவில்லை; அக்கா அழுததும், பிறகு இருவரும் சிரித்ததும் கேட்டன.

அடுத்த சனிக்கிழமை, பெட்டியில் கட்டிவைத்திருந்த பழைய ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் திரும்பவும் வண்டிக்குள் போயின. 18 அங்குலச் சக்கரங்களை விற்றுவிட்டு, இலேசான 17 அங்குலச் சக்கரங்கள் வாங்குவதாக ஏற்பாடு. நல்ல டயரும் பிரேக் கட்டைகளும் ஜாபிதாவில் மேலே ஏறின. சூப்பர்சார்ஜரின்மேல் ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் 'இப்போதைக்கு' என்று எழுதினான். நான் அதை ஆட்சேபிக்கவில்லை.

"சைலன்சர்?" என்று கேட்டேன்.

"அது மட்டும் இருக்கட்டும் மாமா!"

"பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டாயா?"

போய்க் கேட்டான். அவர் ஓய்வு பெற்ற மெக்கானிக். காலையில் அந்தச் சத்தம் கேட்டால்தான் தமக்கு எழுந்திருக்கும் நேரம் தெரிகிறது என்றும், ராத்திரி பத்து மணிக்குமேல் மட்டும் தெருமுனையிலிருந்து மெதுவாக வந்தால் போதும் என்றும் சொன்னாராம். கேட்டால் எல்லோரும் மறுத்துவிடுவார்கள் என்று பயப்படுவதும் தவறுதான்.

திங்கட்கிழமை காலை அக்கா காரில் போனாள். பின் ஆசனத்தில் நான் என்னை இரண்டாக மடித்து வைத்துக்கொண்டேன். பையன் ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை ஊற்றி முன்னால் இருந்த குழியில் வைத்தான். வேகத்தடையில் கொஞ்சம் சிந்தியது. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டு, "பரவாயில்லையடா, பார்த்து ஓட்டு" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் கொத்தனாரை வரவழைத்தேன். வாசல் கிரானைட்டில் குறுக்கே வரி வரியாகக் கொத்திவிடச் சொன்னேன். "நல்ல கல்லை ஏன் ஐயா கெடுக்கிறீர்கள்?" என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். கால் நிற்கட்டும் என்றேன். படியின் பளபளப்பு போய்விட்டது. இப்போது எதிர்வீட்டுப் பாட்டி மாலையில் வந்து அதில் உட்காருகிறாள். முன்பெல்லாம் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"இப்போதுதான் இங்கே காற்று வருகிறது" என்றாள்.